நீலூஃபர்: குளிர் தாங்கும் ஆம்பலை வளர்த்தலும் பேணலும்

அரபு மருத்துவ நூல்களையும் கவிதைத் தொகுப்புகளையும் ஓதுவோர்க்கு 'நீலூஃபர்' என்னும் சொல் புதிதன்று. இப்னு ஸீனா தம் 'அல்-கானூன்' நூலில் தனி மருந்துகளின் வரிசையில் அதனை வைத்துள்ளார். மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தாரின் 'அல்-ஜாமிஃ' நூலிலும் அதற்கு இடமுண்டு. பகலில் விரிந்து அந்தியில் கூம்பும் அதன் இயல்பை அந்தலுஸியக் கவிஞர்கள் பலவாறு பாடியுள்ளனர். யூனானி மருந்துக் கடைகளில் 'ஷர்பத்தே நீலோஃபர்' இன்றும் கிடைக்கிறது.

ஆயினும் இச்சொல் அரபு மண்ணில் முளைத்ததன்று. வடமொழியின் 'நீலோத்பலம்' பாரசீகம் சென்று 'நீலூஃபர்' ஆயிற்று. அங்கிருந்து அரபுக்கு வந்தது. அரபு மருத்துவ நூல்களின் இலத்தீன் மொழிபெயர்ப்புகள் வழியே ஐரோப்பாவை அடைந்தது. பிரெஞ்சு மொழியில் இன்றும் இம்மலருக்கு 'நெனுஃபார்' என்றே பெயர். 1990இல் அம்மொழியின் எழுத்துச் சீர்திருத்தம் நிகழ்ந்தபோது, இச்சொல் கிரேக்க வழி வந்ததன்று, அரபு வழி வந்தது என்பதைக் கருத்திற்கொண்டு, கிரேக்கச் சொற்களுக்குரிய எழுத்துக்கூட்டலை நீக்கி எளிய கூட்டலைப் பரிந்துரைத்தனர். ஆம்பல் குடும்பத்தில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு பேரினத்திற்குத் தாவரவியலார் இட்ட 'நூஃபர்' என்ற பெயரும் இதே சொல்லின் குறுக்கமே.

சொல்லுக்குள் நீலம் இருக்கிறது. ஆனால் அச்சொல் சென்று தங்கிய குளிர்நாடுகளின் ஆம்பலிலோ நீலம் இல்லை. வெண்மை, மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்மை ஆகியவையே அங்குள்ள ஆம்பலின் நிறங்கள். நீலமும் ஊதாவும் நம்மைப் போன்ற வெப்பநாட்டு ஆம்பலுக்கு உரியவை. குளிர் தாங்கும் ஆம்பலில் நீல மலரைக் காண உலகம் 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் தாய்லாந்தில் இருவகை ஆம்பலையும் கலந்து 'சியாம் புளூ ஹார்டி' என்னும் வகையை உருவாக்கினர். இக்கட்டுரை அந்தக் குளிர் தாங்கும் ஆம்பலைப் பற்றியது. நர்சரிகளில் 'ஹார்டி லில்லி' என்று கேட்டால் இதனைத் தருவார்கள்.

வளர்ப்புக்குள் புகுமுன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நலம். நீலூஃபர் என்பதற்குத் 'தாமரை' என்று பொருள் எழுதும் வழக்கம் நம் மொழிபெயர்ப்புகளில் பரவலாக உள்ளது. 'லோட்டஸ்' என்ற ஆங்கிலச் சொல்லே இதற்குக் காரணம். லின்னேயஸ் எகிப்தின் வெள்ளாம்பலுக்கு 'நிம்ஃபேயா லோட்டஸ்' என்று பெயரிட்டார். எகிப்தியர் அதனைப் 'பஷ்னீன்' என்பர். அது ஆம்பலே, தாமரையன்று. இன்னொரு புறம், ஸித்ரத்துல் முன்தஹாவைச் சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் 'லோட்' மரம் என்கின்றன. அதைக் கண்ட மாணவர் சிலர், வானத்தில் ஒரு தாமரையைக் கற்பனை செய்துகொண்டு வகுப்பில் ஐயம் கேட்டதுண்டு. ஸித்ர் என்பது நம் இலந்தையின் இனம். ஆக, ஒரே ஆங்கிலச் சொல் இலந்தை, ஆம்பல், தாமரை ஆகிய மூன்றையும் சுற்றிவருகிறது.

தமிழருக்கு இக்குழப்பம் தேவையே இல்லை. ஆம்பல், அல்லி, குவளை, கழுநீர் என்று பகுத்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. கண்ணால் அறிவதும் எளிது. தாமரையிலை முழுவட்டம், காம்பு அதன் நடுவில் பொருந்தும், முதிர்ந்த இலை நீரை விட்டு உயர்ந்து நிற்கும். ஆம்பலிலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு பிளவு உண்டு. இலை நீரின் மேல் படிந்து கிடக்கும். இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தாமரைக்குரிய முறையில் ஆம்பலையும், வெப்பநாட்டு ஆம்பலுக்குரிய முறையில் குளிர் தாங்கும் ஆம்பலையும் நட்டுப் பணத்தையும் செடியையும் இழந்தோர் பலரை நாம் அறிவோம்.

ஆம்பலுக்குள்ளும் இரு பிரிவுகள் உள்ளன. வெப்பநாட்டு ஆம்பலின் இலை விளிம்பு பெரும்பாலும் பல் பல்லாக இருக்கும். பூ நீரை விட்டு ஒரு சாண் உயர்ந்து நிற்கும். சில வகைகள் இரவில் மலரும். அடியில் இருப்பது உருண்டையான கிழங்கு. குளிர் தாங்கும் ஆம்பலின் இலை விளிம்பு மழுங்கலாக, ஒழுங்காக இருக்கும். பூ பெரும்பாலும் நீர்மட்டத்திலேயே மிதக்கும். பகலில் மட்டுமே மலரும். அடியில் இருப்பது கிடையாகப் படரும் தடித்த தண்டு. பாடநூல்கள் இதனை மட்டநிலத்தண்டு என்கின்றன. தோட்டக்காரர்கள் இதனையும் கிழங்கு என்றே சொல்வதால் நாமும் அவ்வாறே வழங்குவோம். இச்செடியின் உயிர் இந்தக் கிழங்கில்தான் உள்ளது. இதனைப் புரிந்துகொண்டவருக்கு ஏனைய விதிகளெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

இந்தியாவில் இவ்வினத்தை இயற்கையாகக் காண விரும்புவோர் காஷ்மீருக்குச் செல்ல வேண்டும். அப்பள்ளத்தாக்கின் ஏரிகளில் ஐரோப்பாவின் வெள்ளாம்பலே வளர்கிறது. மாரியில் நீர்ப்பரப்பு உறையும். இலையும் பூவும் அழியும். ஆனால் சேற்றில் புதைந்த கிழங்கைப் பனிக்கட்டி எட்டுவதில்லை. வசந்தத்தில் நீர் வெதுவெதுப்பானதும் அதே கிழங்கின் நுனியிலிருந்து புதிய இலை புறப்படும். 'ஹார்டி' என்ற ஆங்கில அடைமொழிக்குப் பொருள் இவ்வளவுதான். அது குளிரை மட்டுமே குறிக்கும். நிழல், உவர்நீர், கொதிக்கும் சிமெண்ட் தொட்டி, எருக்குவியல் ஆகிய அனைத்தையும் தாங்கும் என்று அதற்குப் பொருளில்லை. விற்போர் இதனைச் சொல்வதில்லை.

இன்று தோட்டங்களில் காணும் வண்ண வகைகள் பெரும்பாலும் ஒரு மனிதரின் உழைப்பிலிருந்து கிளைத்தவை. தென்மேற்குப் பிரான்சில் டெம்பிள்-சுர்-லோ என்னும் சிற்றூரில் 1875இல் ஜோசப் போரி லத்தூர்-மர்லியாக் ஒரு நாற்றுப்பண்ணையை நிறுவினார். ஐரோப்பாவின் தோட்டங்களில் அதுவரை குளிர் தாங்கும் ஆம்பல் என்றால் வெள்ளை மட்டுமே. அவர் அமெரிக்காவின் மணமுள்ள இளஞ்சிவப்பு ஆம்பல், மெக்ஸிகோவின் மஞ்சள் ஆம்பல், ஸ்வீடனின் செவ்வாம்பல் ஆகியவற்றை வெள்ளாம்பலோடு கலந்து புதுப்புது நிறங்களை எடுத்தார். 1889இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. ஓவியர் மோனே 1893இல் ஜிவெர்னியில் குளம் அமைப்பதற்கு நிலம் வாங்கி, மர்லியாக்கிடமிருந்து செடிகளை வரவழைத்தார். உலகப் புகழ்பெற்ற அந்த ஓவியங்களில் நாம் காண்பது இந்த நாற்றுப்பண்ணைச் செடிகளையே. மர்லியாக் தம் கலப்பு நுட்பங்களை முழுதும் வெளியிடாமலே 1911இல் மறைந்தார் என்பர்.

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஸ்வீடனின் செவ்வாம்பல் ஃபாகர்டேர்ன் என்னும் சிறிய ஏரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டறியப்பட்டது. செய்தி பரவியதும் பறிப்போரும் கிழங்கு எடுப்போரும் குவிந்தனர். ஏரியிலிருந்து அது அற்றுப்போகும் நிலை வந்த பின்னரே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. நீர்நிலையிலிருந்து கிழங்கைத் தோண்டி வந்து வீட்டில் நடுவதை நாம் ஊக்குவிப்பதில்லை. நாற்றுப்பண்ணையில் வாங்குவதே முறை.

இனி நடவுக்கு வருவோம். வாங்கும்போது இலைகளைப் பார்ப்பதை விடக் கிழங்கைத் தொட்டுப் பார்ப்பதே முக்கியம். நல்ல கிழங்கு இஞ்சியைப் போல் இறுகியிருக்கும். நுனியில் பச்சையோ செம்மையோ கலந்த குருத்து இருக்கும். அழுத்தினால் குழைந்து, முகர்ந்தால் அழுகல் நாற்றம் வீசுமாயின் அதனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. அந்நோய் நீர் வழியே மற்றச் செடிகளுக்கும் பரவும். வீட்டிற்குக் கொண்டுவந்ததும் பழைய பழுப்பு வேர்களையும், கிழங்கின் பின்முனையில் இற்றுப்போன பகுதியையும் கூரிய கத்தியால் நீக்கிவிட வேண்டும்.

கலனைப் பொறுத்தவரை ஆழத்தை விட அகலமே தேவை. கிழங்கு கீழ்நோக்கி இறங்குவதில்லை; பக்கவாட்டில் ஊர்ந்து செல்கிறது. ஆகவே 40 செ.மீ. அகலமும் 20 முதல் 25 செ.மீ. ஆழமும் உள்ள பிளாஸ்டிக் டப் ஒன்று, நடுத்தரச் செடிக்கு மூன்றாண்டு வரை போதுமானது. குளத்தின் தரையில் நேரே சேறு பரப்பி நடுவதும் உண்டு. ஆனால் அவ்வாறு செய்தால் செடி குளம் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். பின்னர் எடுத்துப் பிரிப்பதும் கடினம்.

டப்பின் ஓர் ஓரத்தில் கிழங்கின் வெட்டுமுனை சுவரைத் தொடுமாறு வைத்து, குருத்து நடுவை நோக்கி 45 பாகை சாய்வில் மேலெழுந்து நிற்கும்படி நட வேண்டும். அப்போது அது ஊர்ந்து செல்ல டப்பின் முழு அகலமும் கிடைக்கும். நட்ட நடுவில் செங்குத்தாக நடுவது வெப்பநாட்டு ஆம்பலுக்கு உரிய முறை. குருத்தின் நுனி மண்ணுக்கு மேலே தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. அதனைப் புதைத்தால் அழுகும்.

மண் விஷயத்தில் நம்மவர் தாராள மனம் காட்டுவது வழக்கம். ரோஜாவுக்கும் முருங்கைக்கும் செய்வது போல மாட்டெருவும் மண்புழு உரமும் தென்னை நார்த்தூளும் கலந்து வைப்பார்கள். நீருக்கடியில் இவையெல்லாம் தீங்கானவை. நார்த்தூள் மிதந்து வெளியேறும். எரு, காற்றில்லாத சேற்றில் புளித்து வாயுவைக் கிளப்பி வேரை அழுகச் செய்யும். அதன் சத்து நீரில் கரைந்து பாசியை வளர்க்கும். இச்செடிக்கு வேண்டியது கனமான களிமண். வண்டல் கலந்த குளத்து மண்ணோ வயல் மண்ணோ போதும். களிமண் துகள்கள் சத்தைப் பற்றி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக வேருக்குத் தரும், நீரையும் கலக்காது. மண்ணை நன்றாக நனைத்துப் பிசைந்து டப்பில் இறுக்கி, மேலே இரு விரல் அளவு கழுவிய சிறு கூழாங்கல் பரப்ப வேண்டும். குருத்தின் மேல் மட்டும் கல் படக்கூடாது.

உரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்; மண்ணுக்குள் வேண்டும், நீரில் வேண்டாம். நீர்ச்செடிகளுக்கென்றே உர வில்லைகள் விற்கப்படுகின்றன. கிடைக்காத இடத்தில் டி.ஏ.பி. அல்லது கலப்பு உரம் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் தாளில் பொட்டலம் கட்டி, கிழங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரலால் அடிமண்ணுக்குள் அழுத்திவிடலாம். செடி வளரும் மாதங்களில் மாதம் ஒரு முறை போதும். இலை சிறுத்து, வெளிறி, பூ குறையுமாயின் அது பசியின் அடையாளம். இலை மட்டும் செழித்துப் பூ இல்லையாயின் பசியன்று. பெரும்பாலும் வெயில் போதாமையே காரணம்.

வெயில் நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் நேரடியாக விழ வேண்டும். மரநிழலில் குளம் வெட்டிவிட்டு ஆம்பலைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவ்வாறே நீர் அசையாமல் இருக்க வேண்டும். ஆம்பலிலையின் சுவாசத் துளைகள், நிலச்செடிகள் பலவற்றைப் போல் அடிப்புறத்தில் இல்லாமல், மேற்புறத்தில் உள்ளன. ஓயாமல் நீர் தெளிக்கும் ஊற்றுக் குழாயின் அருகே வைத்தால் அத்துளைகள் நனைந்து அடைபட்டு இலை நலிவடையும். நீரூற்று அவசியம் என்போர் அதனைக் குளத்தின் மறுகோடியில் வைத்துக்கொள்ளட்டும்.

அத்துளைகள் வழியே நிகழ்வது இலையின் சுவாசம் மட்டுமன்று. சேற்றுக்குள் ஆக்ஸிஜன் கிடையாது. அங்கே கிடக்கும் கிழங்கு எவ்வாறு உயிர் வாழ்கிறது? முன்னர் நாம் குறித்த நூஃபர் செடியில் இதனை ஆராய்ந்த ஜான் டேசி என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1980இல் 'சயின்ஸ்' இதழில் விடையை வெளியிட்டார். வெயிலில் சூடேறும் இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் மிகுகிறது. அவ்வழுத்தம் காற்றைக் காம்புக் குழாய்கள் வழியே கிழங்குக்குத் தள்ளுகிறது. கிழங்கைக் கடந்த காற்று முதிர்ந்த இலைகளின் காம்புகளில் ஏறி வெளியேறுகிறது. இறைக்கும் கருவி எதுவுமின்றி, கதிரவனின் வெப்பத்தால் மட்டுமே செடிக்குள் ஒரு தென்றல் வீசிக்கொண்டிருக்கிறது. ஆம்பலின் காம்பை ஒடித்துப் பார்த்தால் அக்காற்றுக் குழாய்களைக் கண்ணாலேயே காணலாம். 'குளத்தைச் சுத்தம் செய்கிறேன்' என்று எல்லா இலைகளையும் ஒரேயடியாக அறுத்தெறிவது கிழங்கின் மூச்சை நிறுத்துவதாகும். மஞ்சளித்த இலையையும் வாடிய பூவையும் மட்டும் காம்பின் அடிவரை கைவிட்டுக் கிள்ளி எடுத்தால் போதும். அவற்றை நீரிலேயே விட்டால் அழுகிப் பாசிக்கு உணவாகும்.

ஆழத்தைக் குருத்திலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். நட்ட புதிதில் 15 செ.மீ. நீர் போதும், டப்பைச் செங்கற்களின் மேல் உயர்த்தி வைத்து, இலைகள் மேலே வந்ததும் ஒவ்வொரு கல்லாக நீக்கி இறக்கலாம். நடுத்தர வகைகளுக்கு 30 முதல் 45 செ.மீ. ஆழம் பொருந்தும். பெருவகைகள் 60 செ.மீட்டருக்கு மேலும் தாங்கும். மர்லியாக்கின் 'பிக்மேயா ஹெல்வோலா' என்னும் குட்டி மஞ்சள் வகைக்கு ஒரு சாண் நீரே நிறைவு. மாடியில் ஒரு தொட்டியில்கூட அது பூக்கும்.

நீரின் தன்மை நம் பகுதிகளில் தனியே கவனிக்கத்தக்கது. கடற்கரையை ஒட்டிய நம் ஊர்கள் பலவற்றில் கிணற்று நீர் உவர்ப்பானது. ஆம்பல் உப்பை விரும்புவதில்லை. இலை விளிம்பு கருகுவது அதன் முதல் அறிகுறி. கோடையில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு மேலும் அடரும். அத்தகைய ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவதே வழி. அதற்கு இயலாதவர் இச்செடியைத் தவிர்ப்பது நல்லது. நகராட்சிக் குழாய் நீராயின் ஓரிரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் உடனே நடலாகாது. சுண்ணக் காரம் நீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி இறைத்து, மீண்டும் நிரப்பி இறைத்த பின்னரே செடியையும் மீனையும் விட வேண்டும்.

சமவெளியின் கோடையே இச்செடிக்குப் பெரிய சோதனை. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் அது தன் இயல்போடு வளர்ந்து மாரியில் சற்று ஓய்வு கொள்ளும். சமவெளியிலோ அதற்கு உறக்கமே இல்லை. ஆண்டு முழுதும் இலைவிடும். சித்திரை வெயிலில் ஆழமற்ற கருநிறத் தொட்டி ஒன்றில் நீர் எவ்வளவு சூடேறும் என்பதைக் கைவிட்டுப் பார்த்தவர் அறிவர். ஆகவே தொட்டி பெரிதாகவும் ஆழமாகவும் இருக்கட்டும். ஒரு பகுதி தரைக்குள் புதைந்திருப்பின் மேலும் நலம். உச்சிவேளையில் மட்டும் நிழல்வலை கட்டலாம். வகைத் தேர்விலும் கவனம் வேண்டும். அடர்சிவப்பு, கருஞ்சிவப்பு வகைகளின் இதழ்கள் கடும் வெயிலில் கருகிக் குழைந்துவிடுகின்றன. விளம்பரப் படத்தைப் பார்த்து அவற்றையே பலரும் முதலில் வாங்குகின்றனர். மெக்ஸிகோ ஆம்பலின் வழிவந்த மஞ்சள் வகைகளும் வெளிர்நிற வகைகளும் நம் வெயிலுக்கு ஏற்றவை. தாய்லாந்தில் உருவானவையும் அப்படியே. அந்நாட்டு 'வன்விசா' என்னும் வகை 2010இல் சர்வதேச ஆம்பல் வளர்ப்போர் சங்கப் போட்டியில் முதலிடம் பெற்றது. நம் நாட்டு வளர்ப்பாளர்களிடமும் அது உள்ளது. நடவுக்குத் தை, மாசி மாதங்கள் உகந்தவை. கோடை வருமுன் வேர் பிடித்துவிடும்.

புதிய குளம் முதல் சில வாரங்களில் பச்சையாக மாறும். உடனே நீரை இறைத்து மாற்றுவோர் அதே பச்சையைத் திரும்பத் திரும்ப வரவழைத்துக்கொள்கின்றனர். புது நீர் புதுச் சத்தைக் கொண்டுவரும். பாசி மீண்டும் செழிக்கும். பொறுத்திருந்தால் ஆம்பலிலைகள் விரிந்து வெயிலை மறைக்க, பாசி தானே அடங்கும். நீர்ப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இலை மூடியிருப்பது நல்ல அளவு. முழுதும் மூடினால் மீனுக்கு மூச்சுத் திணறும்.

பாசி என்றதும் ஒரு மஸ்அலா நினைவுக்கு வருகிறது. தேங்கிய நீரின் நிறம் பாசியாலோ சேற்றாலோ மாறினால் அந்நீர் தூய்மைப்படுத்தும் தன்மையை இழப்பதில்லை என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் 'துஹ்லுப்' என்ற சொல்லோடு வருவதை ஓதியோர் அறிவர். இதனை ஆதாரமாகக் கொண்டு, பள்ளிவாசல் ஹவ்ளில் ஆம்பல் வளர்த்தாலென்ன என்று ஒரு மாணவர் கேட்டார். சட்டம் தடுக்காவிட்டாலும் செடி தடுக்கும் என்றே நாம் விடை கூறினோம். ஐவேளையும் கைகால்கள் கலக்கும் நீரில், அடிக்கடி இறைத்துக் கழுவப்படும் தொட்டியில் ஆம்பல் நிலைக்காது. ஆம்பலுக்குத் தனிக் குளமே வேண்டும்.

அக்குளம் கொசுவின் இல்லமாகிவிடக்கூடாது. டெங்குவும் மலேரியாவும் நம் நகரங்களில் உள்ளவரை, மீன் இல்லாத ஆம்பல் தொட்டி அக்கம்பக்கத்தாருக்கு இழைக்கும் தீங்காகும். கப்பி மீன்கள் சிலவற்றை முதல் நாளிலேயே விட்டுவிட்டால் அவை கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். கெண்டை, கோய், ஜிலேபி வகை மீன்கள் ஆகா. அவை மண்ணைக் கிளறிக் குருத்தைப் பெயர்த்துவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முழங்கால் அளவு நீரும் ஆபத்தே. சுற்றுவேலி இல்லாமல் குளம் அமைக்கக்கூடாது.

பூச்சிகளைப் பற்றி மிகுதியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அசுவினி இலைமேல் கறுப்பாக மொய்க்கும். குழாய் நீரால் அடித்துக் கழுவினால் மீன்களுக்கு அது விருந்து. இலையை வட்டமாகக் கத்தரித்துத் தனக்குக் கூடு செய்துகொள்ளும் புழுவைக் கையால் பொறுக்கலாம். எந்தப் பூச்சிமருந்தையும், வேப்பெண்ணெயைக்கூட, மீனுள்ள நீரில் தெளிக்க வேண்டாம். குருத்தழுகல் ஒன்றே அஞ்சத்தக்கது. இலைகள் திடீரென்று மஞ்சளித்து, இழுத்தவுடன் காம்போடு கையில் வந்துவிடுமாயின், செடியை மண்ணோடு வெளியே எடுத்து அகற்றிவிட வேண்டும். அந்த டப்பையும் கழுவாமல் மறுபடி பயன்படுத்தக்கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு மலரும் பூ ஒன்றின் ஆயுள் மூன்று அல்லது நான்கு நாள். காலை வெயில் ஏறியபின் விரிந்து பிற்பகலில் கூம்பும். ஒவ்வொரு நாளும் அது ஒன்றாக இருப்பதில்லை. முதல் நாள் நடுவிலுள்ள சூல்முடிக் கிண்ணத்தில் தெளிந்த நீர் போன்ற திரவம் நிறைந்திருக்கும். மகரந்தப் பைகள் திறந்திரா. வேறொரு பூவின் மகரந்தத்தைச் சுமந்துவரும் சிறு பூச்சி வழுக்கி அக்கிண்ணத்தில் விழ, அதன் உடலிலிருந்த மகரந்தம் கழுவப்பட்டுச் சூலை அடையும். அத்திரவத்திலேயே மூழ்கி இறந்துபோகும் பூச்சிகளும் உண்டு. இரண்டாம் நாள் முதல் கிண்ணம் வற்றிவிடும்; கேசரங்கள் உள்நோக்கி வளைந்து மகரந்தத்தை வெளியிடும். முதல் நாள் பெண், மறுநாள் ஆண் எனலாம். தன் மகரந்தம் தன் சூலில் விழாதிருக்க அமைந்த ஏற்பாடு இது. கடைசி நாள் கடந்ததும் பூக்காம்பு சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் அங்கே முதிர்ந்து வெடிக்க, மெல்லிய சவ்வுறை மூடிய விதைகள் மேலே மிதந்து வந்து, உறை இற்றதும் வேறிடத்தில் மூழ்கும். கலப்பு வகைகள் பல மலடாதலால் தோட்டக் குளங்களில் இக்காட்சி அரிது. காஷ்மீரின் வெள்ளாம்பலில் காணலாம்.

விதை இல்லாத வகைகள் கிழங்கைப் பிரிப்பதாலேயே பெருகுகின்றன. மர்லியாக்கின் காலத்து வகை ஒன்றை இன்று நாம் வளர்த்தால், அவர் கையில் இருந்த அதே செடியின் துண்டையே வளர்க்கிறோம். நட்ட இரண்டு, மூன்று ஆண்டுகளில் இலைகள் நெருக்கமாகி நீரை விட்டு மேலே துருத்தத் தொடங்கும். பூக்கள் இலைகளுக்குள் மறையும். பிரிப்பதற்கான காலம் அதுவே. டப்பை எடுத்துக் கவிழ்த்து, மண்ணை அலசி, குருத்துள்ள ஒவ்வொரு நுனியையும் ஒரு சாண் நீளக் கிழங்கோடு வெட்டிப் புது மண்ணில் நட வேண்டும். பழைய கிழங்கின் நடுப்பகுதியில் கண் போன்ற சிறு முளைகள் இருக்கும். அவற்றையும் தனியே வளர்க்கலாம், பூக்க ஓராண்டு கூடுதலாகும். பிரித்த துண்டை ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இட்டால் ஒரு வாரம் வரை கெடாது. அயலூர் உறவினருக்குப் பார்சலிலும் அனுப்பலாம்.

கொடுக்க ஆளில்லாமல் மீந்த துண்டுகளை ஊர்க் கண்மாயிலோ ஊருணியிலோ எறிவது மட்டும் கூடாது. மெக்ஸிகோவின் மஞ்சள் ஆம்பல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் களையாக அறிவிக்கப்பட்ட செடி. காஷ்மீரின் தால் ஏரியிலும் அது புகுந்து பரவியுள்ளது. அதன் கிழங்கு ஓடுதண்டுகளை விட்டுச் சேற்றில் வெகுவிரைவாகப் படரும். மீந்தவற்றை வெயிலில் சில நாள் நன்கு உலர்த்தி, சருகாகிவிட்டது என்று உறுதிசெய்த பின்னரே எருக்குழியில் இட வேண்டும்.